அணுவுக்குள் விடுதலை தேடுவோர்

2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களைத் தாமிரபரணிக் கரையினர் எளிதில் மறக்கமாட்டார்கள். பதினெட்டாம் நாள் காலை எட்டரை மணியோடு முடிந்த இருபத்துநான்கு மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பெய்த மழை 95 சென்டிமீட்டர். திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. ஓர் ஆண்டு முழுவதும் தூத்துக்குடி மாவட்டம் சராசரியாகக் காணும் மழையைவிட மிகுதியான நீரை ஒரே நாளில் ஒரு சிற்றூர் தன் தலைமேல் தாங்கியது. குளங்கள் உடைந்தன, சாலைகள் அறுந்தன, ஆற்றுக்கும் கடலுக்கும் இடைப்பட்ட நிலம் எது, நீர் எது என்று தெரியாத நிலை சில நாள்கள் நீடித்தது.

நீர் வடிந்தபின் மக்கள் பேசிக்கொண்டதைக் கூர்ந்து கேட்டவர்களுக்கு ஓர் உண்மை புலப்பட்டிருக்கும். காயல்பட்டினத்து முஸ்லிம் பெருமக்கள் ‘அல்லாஹ்வின் நாட்டம்’ என்றார்கள். அவ்வூரை ஒட்டிய கொம்புத்துறையில் வாழும் நம் கத்தோலிக்க மீனவ மக்கள் ‘ஆண்டவர் சித்தம்’ என்றார்கள். மேற்கே வயற்காட்டு ஊர்களில் ‘தலையெழுத்து’ என்றார்கள். சொற்கள் மூன்று, அவற்றை உதிர்த்த பெருமூச்சு ஒன்றே.

இதன்பின் சில மாதங்கள் கழித்துப் பொதுநிலையினருக்கான கருத்தரங்கு ஒன்றில் அமரும் வாய்ப்புக் கிடைத்தது. நன்கு கற்றவர், நாவன்மையும் உடையவர் ஒருவர் பேசினார். விதி என்ற பேச்சுக்கே இனி இடமில்லை; ஹைசன்பர்க் 1927இல் நிச்சயமின்மைக் கோட்பாட்டை வெளியிட்ட அன்றே அறிவியல் விதியைப் புதைத்துவிட்டது; அணுவின் உள்ளே எதுவும் முன்கூட்டித் தீர்மானிக்கப்படவில்லை; ஆகவே மனிதனின் கட்டற்ற சித்தத்தைப் பற்றித் திருச்சபை காலங்காலமாகச் சொல்லிவந்தது இயற்பியலாலேயே மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது என்பது அவர் வாதம். அரங்கம் கைதட்டியது. தட்டியவர்களுள் நானும் ஒருவன். வீடு திரும்பும் வழியில்தான், எதற்காகத் தட்டினோம் என்ற ஐயம் எழுந்தது. இவ்வாதம் நம் மறையுரைகளிலும் சிந்தனைக் கட்டுரைகளிலும் வெவ்வேறு ஆடையில் அடிக்கடி தலைகாட்டுவதால், இதை நிறுத்திவைத்துச் சற்று உற்றுநோக்குவது தவறாகாது.

முதலில் நியதிவாதம் என்ன சொல்லிற்று என்று பார்ப்போம். பிரெஞ்சுக் கணித மேதை லப்லாஸ் 1814இல் ஒரு கற்பனையை முன்வைத்தார். இந்த நொடியில் அண்டத்திலுள்ள ஒவ்வொரு துகளின் இடத்தையும் அவற்றின்மீது செயல்படும் விசைகளையும் அறிந்த ஓர் அறிவு இருக்குமானால், அதற்கு வருங்காலம் இறந்தகாலத்தைப் போலவே வெட்ட வெளிச்சமாகிவிடும் என்றார். நியூட்டன் கண்ட விதிகளிலிருந்து பிறந்த முடிவு இது. அவ்வாறாயின் 95 சென்டிமீட்டர் மழை மட்டுமன்று, அம்மழையில் யார் யாருக்குக் கதவைத் திறந்தார்கள், யார் சாத்திக்கொண்டார்கள் என்பதும் உலகம் தோன்றிய அன்றே தீர்ந்துபோன கணக்கு ஆகிவிடும்.

இவ்விடத்தில் பலர் மழையையே எதிர்ச்சான்றாகக் காட்டுவதுண்டு. ‘இவ்வளவு பெய்யும் என்று யாரால் சொல்ல முடிந்தது?’ என்பார்கள். முடியவில்லை என்பது மெய்யே. வானிலைத் துறையின் அளவுகோலில் ஒரு நாளில் ஏறத்தாழ 20 சென்டிமீட்டரைத் தாண்டியவை எல்லாம் ‘அதி கனமழை’ என்னும் ஒரே பெட்டிக்குள் அடங்கும். 21உம் 95உம் அப்பெட்டிக்குள் உடன்பிறப்புகள். ஆனால் முன்கூட்டிச் சொல்ல முடியாமை வேறு, தீர்மானிக்கப்படாமை வேறு. 1961இல் எட்வர்ட் லோரன்ஸ் என்ற அமெரிக்க வானிலை அறிஞர், தம் கணிப்பொறிக்கு 0.506127 என்று கொடுக்க வேண்டிய எண்ணை 0.506 என்று சுருக்கிக் கொடுத்துவிட்டுக் காப்பி அருந்தப் போனார். திரும்பி வந்து பார்த்தபோது கணிப்பொறி வரைந்திருந்த வானிலை, பழைய வானிலைக்கு எவ்விதத் தொடர்பும் இல்லாததாய் இருந்தது. 1963இல் அவர் வெளியிட்ட ஆய்வின் சாரம் இதுதான்: காற்றும் ஈரமும் கடுமையான விதிகளுக்கே கட்டுப்படுகின்றன, எனினும் தொடக்கத்திலுள்ள மிகச் சிறிய வேறுபாடு பெருகிப் பெருகி நம் கணிப்பைத் தோற்கடிக்கிறது. அந்தக் கணிப்பொறியில் தற்செயலுக்குத் துளியும் இடமில்லை. தோற்றது நம் அறிவே. ஆகவே காயல்பட்டினத்து மழை நமக்குப் பணிவைக் கற்பிக்கலாம். விடுதலையைப் பற்றி அது வாய் திறப்பதில்லை.

குவாண்டம் இயற்பியல் சொல்வது இதனினும் ஆழமானது. அதை விளக்க வெளிநாட்டு உவமை தேவையில்லை. நம் முத்துக்குளித்துறையே போதும்.

முத்துச் சிலாபம் நடந்த நாள்களில், குளிப்பவர்கள் கடலடியிலிருந்து கொணர்ந்த சிப்பிகளை அப்படியே குவியலாக வைத்து, ஆயிரம் சிப்பிக்கு இன்ன விலை என்று அரசு தன் பங்கை ஏலம் விடும். சிப்பியைத் திறந்து பார்க்க உரிமையில்லை. கேட்பவன் தன் ஊகத்தின்மேல் பணம் வைக்கிறான். ஒருவன் செல்வனானான், ஒருவன் வீட்டை இழந்தான். தூத்துக்குடியில் 1961ஆம் ஆண்டோடு முடிந்துபோன அந்தச் சிலாபங்களைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இந்த ஏலத்தில் தற்செயல் இருக்கிறது. ஆனால் அது யாருடைய தற்செயல்? மூடிய சிப்பிக்குள் முத்து இருக்கிறது, அல்லது இல்லை. அது முன்பே முடிந்துவிட்ட செய்தி. அறியாமை வணிகனிடம் இருக்கிறது, சிப்பியிடம் இல்லை.

அணுவும் இத்தகைய மூடிய சிப்பிதானா? ஐன்ஸ்டைன் அவ்வாறே எண்ணினார். கடவுள் தாயம் உருட்டுவதில்லை என்னும் பொருள்பட மாக்ஸ் போர்னுக்கு 1926இல் அவர் எழுதியது உலகறிந்தது. நாம் இன்னும் காணாத ஏதோ ஒன்று அணுவின் உள்ளே மறைந்திருந்து அதன் போக்கைத் தீர்மானிக்கிறது என்பது அவர் நம்பிக்கை. 1964இல் அயர்லாந்தில் பிறந்த ஜான் பெல் என்பார் இந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்க ஒரு கணக்கைத் தந்தார். ஒன்றோடொன்று பிணைந்த இரு துகள்களைத் தொலைவில் பிரித்து அளந்தால், உள்ளே முத்து முன்பே இருந்திருக்குமாயின், அவ்விரண்டின் ஒற்றுமை ஒரு வரம்பைத் தாண்டக் கூடாது. தாண்டியது. கிளௌசர், ஆஸ்பெ, சைலிங்கர் ஆகிய மூவர் இத்தகைய சோதனைகளுக்காக 2022இல் நோபல் பரிசு பெற்றனர். இச்சிப்பிக்குள் திறக்குமுன்னரே முத்து இருந்தது என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது என்பதே சோதனைகளின் செய்தி.

இன்னும் அருகில் பார்க்க வேண்டுமாயின் மணவாளக்குறிச்சிக் கடற்கரைக்குப் போகலாம். அங்குள்ள மோனசைட்டு மணலில் தோரியம் இருக்கிறது. ஒரு கிராம் தோரியத்தில் ஒவ்வொரு நொடியும் ஏறத்தாழ 4,000 அணுக்கள் சிதைகின்றன. இதை எண்ணிச் சொல்லலாம், பிசகுவதில்லை. ஆனால் எந்த 4,000? அருகருகே உள்ள இரண்டு அணுக்களுக்கிடையே எவ்வித வேறுபாடும் கிடையாது. ஒன்று இப்போது சிதைகிறது, மற்றொன்று ஆயிரம் கோடி ஆண்டுகள் காத்திருக்கிறது. ஏன் இது, ஏன் அது அன்று என்ற கேள்விக்கு இயற்பியலில் விடை இல்லை. கேள்விக்கே பொருளில்லை என்பாரும் உளர்.

கருத்தரங்குப் பேச்சாளர் கண்ட கதவு இதுதான். இக்கதவை முதலில் கண்டவர் அவரல்லர். ஆங்கிலேய வானியல் அறிஞர் எடிங்டன், 1927இல் ஆற்றி மறு ஆண்டு நூலாக்கிய சொற்பொழிவுகளில், அறிவுள்ள ஓர் அறிவியலாருக்குச் சமயம் என்பது இயலக்கூடியதானது அந்த 1927ஆம் ஆண்டில்தான் என்று சிலர் முடிவுகட்டலாம் எனச் சற்றே குறும்பாகக் குறிப்பிட்டார். அமெரிக்கரான ஆர்தர் காம்ப்டன் மனித விடுதலைக்கு இதில் இடம் தேடினார். ஜெர்மானியரான பாஸ்குவல் யோர்டான் இன்னும் துணிந்து, அணுவின் நிச்சயமின்மையில்தான் உயிரின் விடுதலை வேரூன்றியிருக்கிறது என்னும் அளவுக்குச் சென்றார். அணுவுக்குள் விடுதலையைக் கண்ட இந்த யோர்டான் 1933இல் நாசிக் கட்சியில் உறுப்பினராகச் சேர்ந்தார் என்பதை வரலாறு பதிந்து வைத்திருக்கிறது. இது வாதத்துக்கு விடையாகாது என்பதை அறிவேன். இருப்பினும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

வாதத்துக்கு விடை சொன்னவர் ஷ்ரோடிங்கர். குவாண்டம் இயற்பியலை நிறுவியவர்களுள் ஒருவர். சமயத்துக்குப் பகைவர் என்று தள்ளிவிடத் தக்கவரும் அல்லர். 1936இல் ஒரு கட்டுரையிலும், 1951இல் வெளியான சிறு நூலிலும் இதை எடுத்து ஆராய்ந்தார். அவர் எழுப்பிய தடையை நம் சூழலில் வைத்து இப்படி விளக்கலாம். என் மூளையின் ஏதோ ஓர் அணுவில் நிகழும் தற்செயலான தாவல்தான் என் முடிவு என்று வைத்துக்கொள்வோம். அத்தாவல் உண்மையிலேயே தற்செயல் என்றால், அதைச் செய்தது நான் அல்லன். சீட்டுக் குலுக்கிப் போட்டு வந்ததை என் விருப்பம் என்பது எங்ஙனம்? அன்றி, என் ஆன்மா அத்தாவலைப் பிடித்துத் தான் விரும்பிய பக்கம் திருப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது நிகழ்தகவு பிசகும். குவாண்டம் இயற்பியலில் தனி நிகழ்ச்சிக்குத்தான் விதி இல்லை. தொகுதிக்கு உண்டு, அதுவும் நியூட்டனின் விதிகளைப்போல இறுக்கமானது. மணவாளக்குறிச்சி மணலின் நாலாயிரத்தை நாலாயிரத்து ஐந்நூறாக்க எந்த மனஉறுதியாலும் ஆகாது.

இதற்கு மறுப்பு உண்டு. ஒரே ஒரு தாவலைத் திருப்பினால் எந்தக் கணக்கும் கெடாதே என்பார்கள். ஒரு முறை என்றால் சரி. ஆனால் வாழ்நாள் முழுவதும் நேர்மையாய் இருக்கும் ஒரு கடைக்காரரை எண்ணிப் பாருங்கள். நாற்பது ஆண்டுகளாகத் தராசில் கைவைக்காதவர் அவர். நாளையும் வைக்கமாட்டார் என்று ஊரே அறியும். அவருடைய செயல்களில் தாயம் உருட்டியதன் சாயல் எங்கே இருக்கிறது? நாம் முன்கூட்டிச் சொல்லக்கூடியவராய் இருப்பதால் அவர் விடுதலை குறைந்தவரா? மாறாக, இன்று நேர்மை, நாளை களவு, மறுநாள் இரண்டுங் கெட்டான் என்று அலைபவனையே நாம் அடிமை என்கிறோம். புனித அகுஸ்தீனார், பாவம் செய்யாதிருக்க முடிவதைவிடப் பாவம் செய்யவே முடியாதிருப்பது மேலான விடுதலை என்று கற்பித்தார். வானகத்துப் புனிதர்கள் அத்தகையவர்கள். அணுவின் நிச்சயமின்மையை விடுதலையின் உறைவிடமாக்கினால், உறுதியற்றவனைச் சுதந்திரன் என்றும் புனிதரைக் கைதி என்றும் சொல்ல நேரிடும். பேச்சாளர் இதை ஒப்பமாட்டார் என்பது உறுதி. அவர் வாதம் அங்கேதான் கொண்டுபோய் விடுகிறது.

இங்கு நம் தமிழ் மரபை நினைத்துப் பார்ப்பது பயனுடையது. அணுவையும் விதியையும் ஒருங்கே பேசியவர்கள் நம் மண்ணிலேயே இருந்தார்கள். மணிமேகலையின் ‘சமயக் கணக்கர்தம் திறங்கேட்ட காதை’யில் ஆசீவகர் தம் கொள்கையை எடுத்துரைக்கிறார். நிலம், நீர், தீ, காற்று என்ற நால்வகை அணுக்களோடு உயிரணுவும் உண்டு என்பது அவர்கள் துணிபு. அதே ஆசீவகர்தாம் இந்தியச் சிந்தனையிலேயே மிகக் கடுமையான நியதிவாதிகள். நூலுருண்டையை வீசினால் நூல் உள்ளவரை அது உருண்டு அவிழ்ந்து முடிவதுபோல, உயிர்களும் தமக்கு விதித்த பிறவிகளைக் கடந்தே தீரும், இடையில் எவராலும் கூட்டவோ குறைக்கவோ இயலாது என்பது அவர்கள் ஆசான் மற்கலியின் மேல் ஏற்றிச் சொல்லப்படும் உவமை. நீலகேசி என்னும் சமண நூல் ஒரு சருக்கம் முழுவதையும் அவர்களை மறுப்பதற்கே செலவிடுகிறது. அணு என்ற சொல் தன்னளவில் விடுதலையின் பக்கமும் இல்லை, விதியின் பக்கமும் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எதற்கு?

கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்றுப் பாடலை நாம் எல்லோரும் அதன் முதலடிக்காகவே போற்றுகிறோம். மேடையில் அதற்குமேல் போவதில்லை. அப்பாடலின் நடுவே ஓர் ஆறு ஓடுகிறது. மழையால் பெருகிப் பாறைகளில் மோதி இரையும் ஆற்றில் அதன் போக்கிலேயே செல்லும் புணையாக உயிரைக் காட்டுகிறார் புலவர். 2023 வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு இவ்வுவமை வெறும் உவமையாகத் தோன்றாது. ஆயினும் அந்த நியதிவாதத்திலிருந்து அவர் எடுக்கும் முடிவைக் கவனிக்க வேண்டும். பெரியோரைக் கண்டு வியப்பதும் இல்லை, சிறியோரை இகழ்வது அதனினும் இல்லை என்கிறார். இகழாதிருத்தல் ஒரு செயல், ஒரு முடிவு. ஆற்றில் மிதக்கும் கட்டைக்கு அது வராது. திருவள்ளுவரும் ஊழுக்கு ஓர் அதிகாரம் தந்து அறத்துப்பாலை அதனோடு நிறைவு செய்துவிட்டு, பொருட்பாலில் ஆள்வினையுடைமை என்ற அதிகாரத்தில், தளராது முயல்பவர் ஊழையும் தோற்றோடச் செய்வர் என்று கூறுகிறார். உரையாசிரியர்கள் இவ்விரண்டையும் பொருத்த முயன்று வியர்க்கிறார்கள். அவர் பொருத்தாமல் விட்டதே நன்று என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இனிக் காயல்பட்டினத்து அண்டை வீட்டாரிடம் வருவோம். இவ்வூர் பல நூற்றாண்டுகளாக மார்க்கக் கல்விக்குப் பெயர்பெற்றது. ஷாஃபி சட்டமரபைப் பின்பற்றும் இத்தகைய ஊர்களின் மரபுவழிக் கல்வியில் இறைக்கொள்கை அஷ்அரி சிந்தனையைத் தழுவியது. அச்சிந்தனையினரும் பழங்காலத்திலேயே அணுவைப் பேசியவர்கள்! அண்டம் அணுக்களாலானது, அவ்வணுக்களை ஒவ்வொரு கணமும் இறைவனே புதிதாகப் படைத்து நிறுத்துகிறான், பஞ்சு தீயில் எரிவது தீயின் ஆற்றலால் அன்று, அக்கணத்தில் இறைவன் எரிதலைப் படைப்பதால் என்று இமாம் கஸ்ஸாலி எழுதினார். இப்போது மணவாளக்குறிச்சி அணுவை அத்தகைய ஓர் அறிஞர்முன் வையுங்கள். ‘எந்த இயற்கைக் காரணமும் இன்றி இவ்வணு இப்போது சிதைந்தது என்று உங்கள் இயற்பியலே சொல்கிறது அல்லவா? காரணம் இறைவனின் நாட்டம் என்றுதானே நாங்கள் சொல்லிவந்தோம்?’ என்று அவர் கேட்டால் நாம் என்ன சொல்வோம்? நம் பேச்சாளர் மனித விடுதலைக்குச் சான்றாகக் காட்டிய அதே வெற்றிடம், எல்லாம் இறைவன் ஒருவனின் செயலே என்பதற்கும் சான்றாகிவிடுகிறது. ஜெனீவாவின் அணு ஆய்வு மையத்தில் 2004 முதல் நடராசர் சிலை ஒன்று நிற்கிறது. துகள்களின் ஆட்டத்தில் சிவனின் கூத்தைக் கண்டோர்க்கு அது சான்று. எவர் எதைக் கொண்டுபோனாலும் அதையே காட்டும் கண்ணாடியைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவதில் என்ன பயன்?

நம் தோமா அக்குவினாரும் இந்த அஷ்அரி வாதத்தை அறிந்திருந்தார். மறுத்தும் இருக்கிறார். இறைவன் தீயிடமிருந்து எரிக்கும் ஆற்றலைப் பறித்துக்கொண்டுதான் பெரியவர் ஆக வேண்டும் என்பதில்லை; தீயைத் தீயாகவே எரியச் செய்வதில்தான் அவர் பெருமை விளங்குகிறது என்பது அவர் கருத்தின் சாரம். அதுபோலவே இறைவன் மனித சித்தத்தை அசைக்கும்போது அதை அதன் இயல்புப்படி, அதாவது கட்டற்றதாகவே அசைக்கிறார். ஆகவே தோமாவின் பார்வையில் மனிதனின் விடுதலைக்கு இயற்கையின் சங்கிலியில் ஓர் அறுந்த கண்ணி தேவையில்லை. அறுந்த கண்ணியைத் தேடுபவர்கள், இறைவனும் மனிதனும் அணுக்களும் ஒரே வரிசையில் நின்று இடம் பிடிக்கப் போட்டியிடுவதாக எண்ணுகிறார்கள். சோதிடத்தைப் பற்றி அவர் சொன்னதும் சுவையானது. சோதிடர்கள் பல வேளைகளில் சரியாகவே சொல்லிவிடுகிறார்களே என்ற கேள்விக்கு, மனிதரில் பெரும்பாலோர் தம் உணர்ச்சிகளின் பின்னாலேயே போகிறார்கள், அதனால்தான் என்று விடை தருகிறார். ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்பே தொகுதிக்கும் தனி ஆளுக்கும் உள்ள வேறுபாட்டை இவ்வளவு எளிதாகச் சொன்னவர் வேறு எவர் என்று தெரியவில்லை.

மற்றொரு எச்சரிக்கையும் நம் வீட்டிலிருந்தே கிடைக்கிறது. 1951 நவம்பரில் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், அண்டத்துக்கு ஒரு தொடக்கம் உண்டு என்ற அறிவியல் கருத்தைப் படைப்பின் உண்மைக்கு ஆதரவாக எடுத்துப் பேசினார். அக்கருத்தை உருவாக்கிய லெமெத்தர் ஒரு கத்தோலிக்கக் குரு. மகிழ்ந்திருக்க வேண்டியவர், கலங்கினார். இன்று சான்றாவது நாளை திருத்தப்பட்டால் விசுவாசம் என்னாவது என்பது அவர் கவலை. அடுத்த ஆண்டு வானியலாரிடம் பேசியபோது திருத்தந்தை அந்த இணைப்பைத் தொடவில்லை. இரண்டாம் அருள் சின்னப்பரும் 1988இல் வத்திக்கான் வானாய்வகத்தின் தலைவருக்கு எழுதிய மடலில், புதிய கோட்பாடுகளை அவசரப்பட்டு விசுவாசத்துக்கு முட்டுக்கொடுக்கப் பயன்படுத்துவதைக் கண்டித்தார். குவாண்டம் இயற்பியலில் இக்கவலைக்கு இன்னும் மிகுந்த இடமுண்டு. அதன் கணக்குகளில் பிசகில்லை. பொருள் என்ன என்பதில்தான் உடன்பாடில்லை. 1952இல் டேவிட் போம், அதே கணக்குகளைத் தற்செயலே இல்லாத முழு நியதிவாதமாகப் படித்துக் காட்டினார். 1957இல் எவரெட் வேறொரு வழியில் அதையே செய்தார். நாளை இவற்றுள் ஒன்று வென்றுவிட்டால், கருத்தரங்கில் கைதட்டிய நாம் நம் கட்டற்ற சித்தத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவோமா?

உண்மையில் இயற்பியல் விடுதலையை மெய்ப்பிப்பதைவிட அதைக் கடனாக வாங்கிக்கொள்கிறது எனலாம். பெல் வகுத்த சோதனையில், எதை அளப்பது என்பதை ஆய்வாளர் அத்துகள்களோடு தொடர்பின்றித் தெரிவு செய்தார் என்ற அனுமானம் இருந்தாக வேண்டும். இதற்காகவே 2016 நவம்பர் 30 அன்று உலகெங்கும் ஏறத்தாழ ஒரு லட்சம் பேரைச் சுழியமும் ஒன்றும் தம் விருப்பப்படி தட்டச் சொல்லி, அத்தெரிவுகளைக் கொண்டு பல ஆய்வகங்களில் சோதனை நடத்தினார்கள். மனிதர் விடுதலையுடையவர் என்று கொண்டால்தான் அணு நிச்சயமற்றது என்ற முடிவு நிற்கும். நம் பேச்சாளரோ அணு நிச்சயமற்றது, ஆகவே மனிதர் விடுதலையுடையவர் என்றார். வண்டியை மாட்டுக்கு முன்னால் பூட்டியிருக்கிறார்.

இவ்வளவும் வெறும் தத்துவச் சண்டை என்று தோன்றினால், மீண்டும் அந்த டிசம்பருக்கு வருக. பதினேழாம் நாள் இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் விரைவு ரயில், தண்டவாளத்தின் அடியிலிருந்த மண் அரித்துப் போனதால் ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டது. ஏறத்தாழ 800 பயணிகள். ஒரு பகுதியினர் பள்ளியொன்றில் தங்க வைக்கப்பட்டனர். எஞ்சிய ஏறக்குறைய ஐந்நூறு பேர் சுற்றிலும் நீர் சூழ்ந்த நிலையத்திலேயே பத்தொன்பதாம் நாள்வரை இருக்க நேர்ந்தது. அருகிலுள்ள புதுக்குடி ஊரார், தங்கள் ஊரும் வெள்ளத்தில் தவித்துக்கொண்டிருக்க, அவர்களுக்குச் சமைத்துப் போட்டார்கள். அரிசி இருந்தது, அடுப்பு இருந்தது, வழக்கமும் இருந்தது. பசித்தவருக்குச் சோறிடுவது இக்கரையில் பழகிய பழக்கம். அவர்கள் இடுவார்கள் என்று இவ்வூர்களை அறிந்தவர் எவரும் முன்கூட்டியே சொல்லியிருப்பார். இதில் குவாண்டம் தாவல் எங்கே? இதைவிடக் கட்டற்ற செயல்தான் எது?

அதுபோல மறுபக்கமும் உண்டு. தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டு ஸ்ரீவைகுண்டத்தில் இருக்கிறது. அதிலிருந்து வடகால், தென்கால் என்று பிரிந்து குளம் குளமாக நீர் நிறைந்து, மிஞ்சியது கடலுக்குப் போக வேண்டும். அந்த மிஞ்சிய நீருக்கு முன்னோர் வகுத்த வழிகள் இருந்தன. மழையின் அளவை யாரும் தீர்மானிக்கவில்லை. ஆனால் ஓடையின் அகலம், கரையின் உயரம், வடிகாலில் எழுந்த சுவர் ஆகியவை கையெழுத்துகளால் தீர்மானிக்கப்பட்டவை. ‘விதி’ என்று பெருமூச்செறியும்போது மழையோடு சேர்த்து இக்கையெழுத்துகளையும் வானத்தின் கணக்கில் எழுதிவிடுகிறோம். அணுவின்மேல் ஏற்றினாலும் அதே கதைதான். ஆண்டவராகிய இயேசு, சீலோவாம் கோபுரம் விழுந்து மாண்ட பதினெட்டுப் பேரைப் பற்றிப் பேசியபோது, மாண்டவர்கள் மற்றவரினும் பெரிய குற்றவாளிகள் என்பதை மறுத்துவிட்டு, உயிரோடு இருந்தவர்களின் பக்கம் திரும்பினார். சீராக்கின் நூல் 15ஆம் அதிகாரம், இறைவன் மனிதனுக்குமுன் நெருப்பையும் நீரையும் வைத்து, கையை நீட்ட வேண்டியவன் அவனே என்று சொல்லும். நம் பகுதியில் அந்த நீர் உவமையாக மட்டும் வரவில்லை.

காயல்பட்டினத்திற்கு வடக்கே, தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில் புன்னைக்காயல் இருக்கிறது. அங்கே நெடுங்காலம் உழைத்த அன்றீக்கு அடிகளார், நம்மவர் பாவசங்கீர்த்தனம் செய்வதற்கு உதவியாகக் ‘கொம்பெசியோனாயரு’ என்ற தமிழ் நூலை இயற்றி 1580இல் அச்சிட்டார். குற்றத்தை அறிந்து செய்தாயா, மனம் பொருந்திச் செய்தாயா என்ற பாகுபாடு இன்றி அத்தகைய நூல் எதுவும் எழ முடியாது. 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் அறியாமை, அச்சம், வற்புறுத்தல், பழக்கம் முதலியன ஒருவரின் பொறுப்பைக் குறைக்கலாம், ஏன், நீக்கவும் கூடும் என்கிறது. குறைக்கலாம் என்ற சொல்லில் எவ்வளவு அனுபவம் பொதிந்திருக்கிறது! விடுதலை உண்டு அல்லது இல்லை என்று ஒரே வீச்சில் தீர்க்கும் இயற்பியல் வாதங்களுக்கு இந்த நுட்பம் கைவராது. குடிக்கு அடிமையான ஒருவர் குருவின்முன் மண்டியிட்டுச் ‘செய்தேன்’ என்று சொல்லும்போது, எந்த அளவுக்குச் செய்தார் என்பதை அவரும் அறியார், குருவும் அறியார். ஆனால் ‘என்னில் நிகழ்ந்தது’ என்று அவர் சொல்வதில்லை.

அன்றீக்கு அடிகளார் 1600ஆம் ஆண்டில் இறந்தார். அதே ஆண்டுகளில் ஐரோப்பாவில் அவருடைய இயேசு சபையாருக்கும் தொமினிக்கன் சபையாருக்கும் இடையே இதே பொருளைப் பற்றிப் பெரும் வழக்கு நடந்துகொண்டிருந்தது. இறையருளும் முன்னறிவும் முந்துமா, மனித சித்தம் முந்துமா என்பது வழக்கு. மொலினா ஒரு பக்கம், பாஞெஸ் மறுபக்கம். உரோமையில் இதற்கெனவே அமைத்த குழு ஆண்டுக்கணக்கில் கூடியது. 1607இல் திருத்தந்தை ஐந்தாம் பவுல், எவரும் எதிர்த்தரப்பைத் தப்பறை என்று பழிக்கலாகாது, தீர்ப்புத் தக்க காலத்தில் வெளியிடப்படும் என்று சொல்லி இரு சாராரையும் வீட்டுக்கு அனுப்பினார். அத்தீர்ப்பு இன்றுவரை வெளிவரவில்லை. சனிக்கிழமை மாலைகளில் புன்னைக்காயல் கோவிலிலும் கொம்புத்துறைக் கோவிலிலும் பாவசங்கீர்த்தனத்துக்கு ஆள்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.